ஏழாவது தீர்மானம்

டீ இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் கிராம சபை கூடி ஒரு மணி நேரம் ஆகிறது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற கூட்டங்களில் என்றால் இந்நேரம் வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து போட்டு, டீயைக் குடித்து, வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். தீர்மானங்களை மேலே பிறகு எழுதிக்கொள்வார்கள்.

என்ன எழுதுவார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் மட்டும் புரிந்துவிடுமாக்கும்!

ஊராட்சிச் செயலர் புதியவர். புஷ்பலதா என்று பெயர். தீர்மான நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இப்போது தரமாட்டேன் என்கிறார். ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசிக்கிறார். வீட்டுப் பேச்சில் இன்னொரு தடவை சொல்கிறார். அப்புறம் கரும்பலகையில் வேறு எழுதுகிறார்.

நல்ல ரோதனைதான்.

"ஏழாவது. பயன்பாட்டில் இல்லாத பழைய நூலகக் கட்டடத்தை அப்புறப்படுத்துதல்."

அவள் கொட்டாவி விட்டாள்.

புஷ்பலதா நிமிர்ந்தார். "அதாவது, வடக்குத் தெருவுல பழைய லைப்ரரி இருக்குல்லா, அத இடிக்கப் போறோம். யாராவது அதப் புழங்குதியளா?"

கொட்டாவி பாதியில் நின்றது.

பால்வாடி அங்கேதான் நடக்கிறது. பழைய இடத்தில் ஓடு ஒழுகுகிறது என்று டீச்சர் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் இரண்டு வருடம் ஆயிற்று. யாரும் அதைக் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை.

அதை இடித்தால், அடுத்த பால்வாடி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். லாரிகள் பறக்கிற சாலை. அவள் மகனுக்கு மூன்றரை வயசு.

எழுந்துவிட்டாள்.

"எம்பிள்ள அங்கதான் இருக்கான், மேடம். பதினேழு பிள்ளைய இருக்கு."

தலைவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அட, ஆமால்லா" என்றார்.

புஷ்பலதா பலகையில் ஏழாவதை அழித்தார். இடிப்பதில்லை, மராமத்து பார்ப்பது, பால்வாடி அங்கேயே நடப்பது என்று எழுதினார். சம்மதமா என்று கேட்டார்.

கைகள் உயர்ந்தன. அவளுக்குக் கண் கலங்கி, யார் யார் கை என்று தெரியவில்லை. மகராசி, நீ நல்லா இருக்கணும் என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நோட்டில் எல்லாம் எழுதி முடித்த புஷ்பலதா, கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இனி ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. அதற்கும் கீழே விரலால் இடம் காட்டி, பேனாவை முதலில் அவளிடம் கொடுத்தார்.

டீ வந்துவிட்டது.

அவள் போகவில்லை. ஏழாவதை இரண்டு தடவை வாசித்தாள். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து போட்டாள்.

பிறகு என்ன தோன்றியதோ, பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

போன கூட்டம். பழைய நூலகத்தை இடிக்க எஸ்டிமேட் போடலாம் என்று எழுதியிருந்தது.

கீழே, முதல் கையெழுத்து அவளுடையது.

புஷ்பலதா அதைப் பார்த்தார். நோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டு, ஒரு டீயை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.