முன்னால் போனவள்

"இதையே வாங்குங்க. உச்சி வெயில்லயும் திரை பளிச்சுன்னு தெரியும்" என்று புது உறுப்பினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் சத்தியமூர்த்தி. காரைக்குடிக்கு வெளியே, பழைய ஓடுதளத்தில் இயங்கும் அந்த கிளைடர் கிளப்பில், அவரைக் கேட்காமல் யாரும், பறக்கும்போது உயரமும் தூரமும் கணக்கிடும் ஃப்ளைட் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை.

விலை, பேட்டரி, உத்தரவாதம் எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆகாயத்தில் அது காட்டும் எண்களுக்கு என்ன பொருள் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. செக்காலையில் பெரிய ஹார்டுவேர் கடைக்காரர், ஊருக்கே யோசனை சொல்பவர், இனிப் போய் யாரிடம் கேட்பது? வெட்கம் வாயை அடைத்தது.

அதனால் துர்காதேவி பறக்கும் நாளில்தான் அவரும் பறப்பார். கொத்தமங்கலத்தில் கணக்கு டீச்சரான அவள், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமலே பறப்பவள். மேலெழும் வெப்பக்காற்றில் அவள் எங்கே வட்டமடித்து ஏறினாளோ அங்கேயே இவரும் ஏறுவார். அவள் திரும்பினால் இவரும் திரும்புவார்.

அன்று இருவரும் திருக்கோஷ்டியூர் கோபுரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்காற்று. இன்ஜின் இல்லாத கிளைடர்கள் மெல்ல மெல்ல உயரம் இழந்தன. கம்ப்யூட்டரில் ஓர் எண் சிவப்பாக மாறியது. எதையோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து, சத்தியமூர்த்தி திரையில் வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

முன்னால் துர்காதேவி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவ்வப்போது தலையைத் திருப்பி, சற்றே ஒதுங்கிப் பின்னால் வரும் இவரைப் பார்த்துக்கொண்டாள். ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று இவரும் பேசாமல் இருந்தார்.

ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் எட்டவில்லை. கடலை பிடுங்கிய கொல்லை ஒன்றில் அவள் இறங்க, வரப்பில் மோதி இறக்கை முறிந்தது. அடுத்த கொல்லையில் தட்டுத்தடுமாறி இறங்கிய சத்தியமூர்த்தி அவளிடம் ஓடினார்.

வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நிலையிலும், அவருக்கு அடி ஏதும் படவில்லையே என்றுதான் முதலில் கேட்டாள். அவர் குன்றிப்போனார். அந்தச் சிவப்பு எண் இப்போது புரிந்தது. உயரம் போதாது என்று அது அப்போதே சொல்லியிருக்கிறது.

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிவிட்டது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவள் கையைப் பார்த்ததும் அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு அந்தக் கம்ப்யூட்டரப் பாக்கத் தெரியாது, துர்கா" என்றார், தலையைத் தூக்காமல். "இத்தன நாளும் ஒன்னையப் பாத்துத்தான் பறந்தேன்."

அவள் முகம் வெளிறியது.

"நான் தப்பாப் போனா நீங்க ரேடியோவுல சொல்லுவீகன்னு நம்பித்தாண்ணே, நான் முன்னாடி போனேன்."