ஊர் எழுதாத அட்டைகள்

நாற்பது அட்டையிலும் நெய்தவர் பெயர் கத்தரினா என்று இருந்தது. ஊர் என்ற இடம் மட்டும் காலி.

தர்சினி அவற்றை டண்டினொங் வெயார்ஹவுஸ் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவாத்தமாலாவில் மாயன் பெண்கள் நெய்து, நியாய வணிகத்தில் வந்த பைகளில் கட்டும் அட்டைகள். மெல்பேர்ன்காரருக்குப் பை மட்டும் போதாது. நெய்தவளின் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், முடிந்தால் எத்தனை பிள்ளைகள் என்றும் தெரியவேண்டும். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது.

நெசவாளர் சங்கத்திடம் நேற்றே கேட்டிருந்தாள். பதில் காலையில் வந்திருந்தது.

அங்கே ஊருக்கொரு நெசவாம். யுத்த காலத்தில் ஆமிக்காரர் சட்டையின் நெசவைப் பார்த்தே பெண்களின் ஊரைக் கண்டுபிடித்தார்களாம். பயத்தில் பலர் வேற்றூர்ச் சட்டை போட்டுத் திரிந்தார்களாம். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம். கத்தரினாவுக்குப் பயம் முடியவில்லை. ஊர் போடவேண்டாம் என்கிறார்.

தர்சினிக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

குடியிருக்கும் நோபல் பார்க்கில் பன்னிரண்டு வருடமாக, கோயிலிலோ கலியாண வீட்டிலோ யார் ஊர் கேட்டாலும் யாழ்ப்பாணப் பக்கம் என்று மழுப்பிவிடுகிறவள் அவள். ஊரைச் சொன்னால் இயக்கத்தில் இருந்த அண்ணன் யாரென்று தெரிந்துவிடும். கதை கடல் தாண்டிப் போகும். அங்கே தனியாக இருக்கும் அம்மாவின் வாசலில் ஆமிக்காரர் விசாரிக்க வந்து நிற்பார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை நின்றார்கள்.

முதலாளியம்மா ஹெலன் பதிலை வாசித்தாள். அவள் முகமும் வாடித்தான் போனது. ஆனால் ஊர் இல்லாத பையைக் கடைக்காரர் எடுக்கமாட்டார், மூன்று மணிக்கு லொறி வந்துவிடும். ஏதாவது பார்த்துச் செய், டார்லிங் என்றுவிட்டுப் போனாள்.

பை திரும்பிப்போனால் கத்தரினாவுக்கு அடுத்த ஓடர் இல்லை.

காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால் கடுத்தது. பொய்யாக ஓர் ஊரை யோசிக்கக்கூட மூளை ஓடவில்லை. பேனையை எடுத்தாள். கை தானாக ஒன்றை எழுதியது.

அவளுடைய சின்னக் கடற்கரை ஊர். இந்த நாட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

நாற்பதிலும் எழுதினாள். எழுத எழுத அவளுக்கு ஆசையாக இருந்தது. வடிவாக, ஆங்கில எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள்.

வழக்கமான லொறிக்காரருக்கு அன்று லீவு. வந்தவரின் சட்டையில் சிறிதரன் என்று இருந்தது. ஐம்பது வயதிருக்கும். கடைசிப் பெட்டியை ஒட்டக் குனிந்தவர், மேலே கிடந்த அட்டையைக் கையில் எடுத்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

பிறகு அவள் கையில் இருந்த பேனையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இது எங்கடை ஊரெல்லோ! தங்கச்சி, நீங்கள் ஆரின்ரை மகள்?"

அவர் சந்தோசமாகத்தான் கேட்டார்.