அந்நியர் வீட்டில் மூன்று மாதம்

"உங்களுக்கென்ன விசரே, அக்கா?"

நீக்கிலாஸ் போட்ட சத்தம் மல்வேர்னில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ரவுன்ஹவுஸ் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். அவனுடைய அக்கா எமில்டா, வயது ஐம்பத்தாறு, ஈக்குவடோர் நாட்டுக்குப் போகிறாளாம். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு மூன்று மாதம் தங்கி ஸ்பானிஷ் படிக்கப்போகிறாளாம். ரிக்கெற்றும் போட்டுவிட்டாள்.

எமில்டா கலியாணம் கட்டாதவள். கட்டாத பொம்பிளைக்குப் புத்தி சொல்ல இந்த உலகத்தில் யாருக்குத்தான் உரிமையில்லை?

"இந்த வயசில ஸ்பானிஷ் படிச்சு என்ன செய்யப்போறியள்?"

"கதைக்கப்போறன்."

"ஆரோட?"

"என்னோட ஆர் கதைக்கினமோ, அவையோட."

நீக்கிலாஸின் மனைவி ஸ்டெபனி மூக்கை உறிஞ்சினாள்.

"மச்சாள், நாங்கள் உங்களுக்கு என்ன குறை வைச்சனாங்கள்? சேர்ச்சில ஃபாதர் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? சனம் சிரிக்காதே? பின்னேரத்தில பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

கடைசியாக வந்ததுதான் உண்மையான கேள்வி. எமில்டாவுக்கு அது விளங்காமலில்லை.

"ஸ்டெபனி, நான் உங்களிட்டக் கேக்க வரேல்லை. சொல்ல வந்தனான்."

அடேயப்பா! இந்த வீட்டில் எமில்டா இப்படி வாய் திறந்ததை யாரும் கண்டதில்லை. நீக்கிலாஸுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவளுடைய கையில் இருந்த தாளைப் பறித்தான். ஈக்குவடோர் குடும்பம் அனுப்பிய வீட்டு விதிகள், ஆங்கிலத்தில்.

"என்ன எழுதியிருக்கினம் எண்டு வாசிச்சனீங்களே? கேளுங்கோ. அறை வீட்டின்ர பின்பக்கமாம், தனியவாம். பிந்தி வாறதெண்டா முதலே சொல்லவேணுமாம். ரீவி சத்தமாப் போடக் கூடாதாம். சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டா அவையிட்ட அனுமதி எடுக்கவேணுமாம்! இதென்ன வீடோ, மறியற்சாலையோ? ரோசமுள்ள மனுசர் ஆரும் இப்பிடி ஒரு இடத்தில இருப்பினமே?"

"பதினேழு வருசமா இருக்கிறன், தம்பி. உன்ர வீட்டுக்குக் கீழ, பேஸ்மன்றில."



ஸ்டெபனிதான் பாய்ந்து வந்தாள். "அதையும் இதையும் ஒண்டாக்காதேங்கோ, மச்சாள். அவை ஆரோ அந்நியர். நாங்கள் குடும்பம்!"

"சரி. தாளைத் திருப்பு, தம்பி. மற்றப் பக்கத்தையும் வாசி."

அவன் திருப்பினான். அங்கே ஒரேயொரு வரிதான் இருந்தது. பார்த்தான். இவ்வளவு நேரமும் தெருவுக்குக் கேட்கக் கத்தியவன் இப்போது தாளை மடிக்கத் தொடங்கினான்.

"என்னப்பா, என்ன போட்டிருக்கு?" என்றாள் ஸ்டெபனி.

"அவன் வாசிக்கமாட்டான். நான் சொல்லுறன்."

எமில்டா தாளைத் திருப்பி வாங்கினாள்.  

"'இரவில நீங்கள் வந்து இருக்காமல் எங்கட மேசையில ஆரும் சாப்பிடத் தொடங்கமாட்டம்.' அந்நியர் எழுதினது, தம்பி. பதினேழு வருசமா இந்த வீட்டில சமைச்சுப்போட்டு, என்ர சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கீழ போறன். 'அக்கா, இருங்கோ, சேர்ந்து சாப்பிடுவம்' எண்டு குடும்பம் ஒருநாளெண்டாலும் சொன்னதே?"