இருபத்தைந்தாவது முறை

"என் பேர்ல எவனோ திருட்டுத்தனமா ரத்தம் குடுத்துட்டு இருக்கான்!"

பஸ் டிரைவர் போட்ட சத்தத்தில் ரத்த வங்கியே திரும்பிப் பார்த்தது.

கவுன்ட்டர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடன் வாங்கப் பேரைத் திருடுவாங்க சார். ரத்தம் குடுக்கவா திருடுவாங்க?"

"நீங்களே பாருங்க!" கடிதத்தை நீட்டினார். இருபத்தைந்து முறை ரத்தம் தந்ததற்கு நன்றி என்று அச்சடித்திருந்தது. "நான் ஒரே ஒரு தடவைதான் குடுத்தேன். ஒன்பது வருஷம் முன்னாடி, இதே ஆஸ்பத்திரியில, என் பொண்ணு பொறந்தப்ப."

"நான் பொழைச்சதே அதனாலதாங்க" என்றாள் கூட வந்த மனைவி, பெருமையாக. "கூடப்பொறந்த அண்ணன் எட்டிக்கூடப் பாக்கல. அதான் இன்னிவரைக்கும் அவரை வாசப்படி ஏத்தல."

நேற்று முழுக்க டிரைவர் ஓயவில்லை. பேங்க்கில் கணக்கை முடக்கச் சொன்னார், பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினார், போலீஸில் எழுதிக் கொடுத்தார். நடந்த இடத்திலும் புகார் கொடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர்தான் இங்கே அனுப்பினார்.

அந்த அம்மா கம்ப்யூட்டரைத் தட்டினாள். "முதல் தடவைதான் அடையாள அட்டை கேப்போம். அப்புறம் அந்த அட்டை நம்பர் சொன்னாப் போதும். ஆனா ஒவ்வொரு தடவையும் கைரேகை வாங்கிடுவோம். அட, இருபத்தஞ்சும் ஒரே ஆளோட ரேகை சார்!"

"முதல் தடவையுமா?" டிரைவரின் குரல் இறங்கிவிட்டது.

"அதுவும்தான். போன மாசத்துல இருந்து போட்டோவும் எடுக்கறோம். இதோ."

திரையில் மச்சான். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு சிரித்தார்.

"அண்ணா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் மனைவி.

"இவரா? ரொம்ப நல்ல மனுஷன் சார். ஏன் விடாம வர்றீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். 'என் தங்கச்சி பொழைச்ச இடம்மா'ன்னார்."

டிரைவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ஊசியைப் பாத்ததுமே மயங்கி விழுந்துட்டேன்டி" என்றார் மனைவியிடம். "கண்ணு முழிச்சா, கையில வெச்சிருந்த அட்டை என் சட்டைப் பையில இருக்கு. என் பேர்ல ரத்தம் குடுத்தாச்சுன்னாங்க. யாருன்னு நான் கேக்கல. எல்லாரும் என்னைக் கொண்டாடினாங்க, வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சொந்தப் பேருக்கு மாத்தினா என் குட்டு வெளிப்பட்டுடும்னு, இத்தனை வருஷம் நம்மகிட்ட ஏச்சையும் வாங்கிக்கிட்டு, என் பேர்லயே குடுத்துட்டு வந்திருக்காரே! எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்றார் டிரைவர்.

"அப்போ புகார் வேணாமா சார்?"

"கண்டிப்பா வேணும், குடுங்கம்மா."

படிவத்தை வாங்கி, 'பாதிக்கப்பட்டவர்' என்ற இடத்தில் மச்சானின் பெயரை எழுதினார். 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார்.