வாசலிலிருந்து அலைவரை

திருவொற்றியூரில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது தூண்டில் வளைவு, அலையைத் தடுக்க அடுக்கடுக்காகக் கொட்டிய கருங்கல். அது வருவதற்கு முன்பே மூன்று தெருவும் ஒரு அம்மன் கோயிலும் தண்ணீருக்கடியில் போய்விட்டன. புரட்டாசி மாத மாலை வெயிலில் கற்கள் நனைந்து மினுங்குகின்றன. மங்கம்மாவின் வாசலில் மூட்டைகள் கட்டித் தயாராக இருக்கின்றன. கடல் இந்த வருடமும் நெருங்கியிருந்தால், மழைக்கு முன் வீட்டை விட்டுத் தண்டையார்பேட்டைக்குப் போய்விட வேண்டியதுதான். வருடாவருடம் வாசற்படியிலிருந்து அலை தொடும் இடம்வரை பாதத்தோடு பாதம் ஒட்டவைத்து அளப்பது அவள் வழக்கம். இம்முறை முட்டி வலி. மருமகள் கீர்த்தி அளந்துவிட்டு ஓடி வருகிறாள்.

“அத்தே, நூத்தி எம்பது! போன வர்சம் நூத்தி நாப்பதுதான?”

“உன் பாதம் கோழிக்குஞ்சு பாதம்டி. அத்த வெச்சி அளந்தா எரநூறு கூட வரும்.”

“அப்ப நீயே போய் அளந்துக்கோ.”

மங்கம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குகிறாள். குதிகால், விரல், மறுபடி குதிகால். உதடுகள் அசைகின்றன. நூற்று நாற்பதில் நின்று கட்டைவிரலால் மணலைக் கிளறுகிறாள். காய்ந்த மணல். நூற்று அறுபத்தொன்றில்தான் நுரை வந்து விரலைத் தொடுகிறது.

“இன்னாத்தே, இன்னா ஆச்சி?”

“கல்லு மணல புட்சி வெச்சிகீதுடி. மூட்டய அவுத்துடு.”

அலை பின்வாங்குகிறது. அவளும் அதன் பின்னாலேயே பாதத்தை ஒட்டவைத்துப் போகிறாள். “நூத்தி அறுவத்திரெண்டு… நூத்தி அறுவத்திமூணு…”

“போதும் அத்தே, வா! கடலையும் சேத்து அளந்துடாத!”