ஐந்து மணிக்குள் பத்துப் பேர்

கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. கதவு மூடிக்கொண்டது.

இப்படித் திரும்பிப் போகிற நாலாவது ஆள்.

கூட்டத்தைக் கூட்டியிருந்த அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. காலையில் கேன்டீனில் அவள் காசில் டீ குடித்துக்கொண்டு, நாங்கள் இருக்கிறோம் என்று மார்தட்டியவர்கள் இவர்கள்தான்.

சங்கம் தொடங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதல் கூட்டத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஐந்து மணிக்கு மாணவர் நல அலுவலகத்துக் குமாஸ்தா வந்து தலையை எண்ணுவார். பத்து இருந்தால் சங்கம். குறைந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

அடுத்த வருடம் அவளே இங்கே இருக்கமாட்டாள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அதற்குப் பிறகு இந்தக் கோழைகளில் எவன் தொடங்கப்போகிறான்?

பலகையில் முதல் தீர்மானத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். கைடு வீட்டு வேலைக்கு இனி யாரும் போக மாட்டோம்.

எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். முனைவர் பட்டம் வாங்க வந்த ஒருத்தன், ஆய்வுக்கு வழிகாட்ட வேண்டிய கைடு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறான். இன்னொருத்தி கைடின் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். ஒரு கையெழுத்துக்காகக் கைகட்டி நிற்கிற பிழைப்பு. இதற்குக் கோபப்படக்கூடவா ஆள் பஞ்சம்?

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை, எல்லாரும் குச்சி என்று கூப்பிடும் ஒல்லிப் பையன். அவளோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். செயலாளராக இருக்கிறேன் என்று தானே வலிய வந்து சொன்னவன். அவளைப் பார்த்தான், நாற்காலிகளைப் பார்த்தான், முகம் வெளுத்துத் திரும்பி நடந்தான்.

விடுவாளா? போனில் பிடித்தாள். உனக்கெல்லாம் முதுகெலும்பு இருக்கிறதா என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நீ சங்கம் ஆரம்பிக்கறியா, இல்ல எங்களை மாட்டி விடறியா?"

வைத்துவிட்டான்.

பேசுகிற பேச்சைப் பார். வராததுமில்லாமல் பழியை அவள் தலையிலேயே கட்டுகிறான். பக்கத்து வகுப்பிலிருந்து ஒற்றை ஆளாக இழுத்து வந்து போட்ட நாற்காலிகளில் ஒன்றில்கூட ஓர் ஆராய்ச்சி மாணவன் உட்காரவில்லை. ஐந்தடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மூடிய கதவைப் பார்த்துச் சத்தமாகவே சபித்தாள், ஆயுசுக்கும் தொட்டி கழுவிக்கொண்டே கிடங்கள் என்று.

"அக்கா."

முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

துறைத் தலைவரின் மகள். சங்கம் தொடங்க வந்தவளுக்கும் குச்சிக்கும் கைடு அந்தத் துறைத் தலைவர்தான். குழந்தைக்கோ, பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் அப்பாவிடம் ஒப்பிக்கிற வயது. தினமும் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று, குழந்தையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பா வீட்டுக்குக் கிளம்பும்வரை பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது அவளுடைய நாலு வருடப் பழக்கம். இன்றைக்கும் நாற்காலிகளைப் போட்டு முடித்த கையோடு ஓடிப்போய் அழைத்து வந்து, முதல் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். அது ஒரு வேலை என்றே அவளுக்குத் தோன்றாமல் போய் வெகு காலம் ஆகியிருந்தது.

குழந்தை வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றது.

"வர்றவங்க எல்லாம் என்னைப் பார்த்துட்டுத்தான் திரும்பிப் போறாங்க. நான் வேணா வெளியில நிக்கட்டுமா?"