பின்பக்க இடது டயர்

"மறுபடியும் எரியுது பாரு! அந்தப் பயதான் ஏதோ பண்றான்."

காரில் ஒரு மஞ்சள் விளக்கு. டயரில் காற்று இறங்கினால் எரிகிற விளக்கு. இது நாலாவது ஞாயிறு. அதே பின்பக்க இடது டயர்.

"யாரு, உங்க தம்பியா?" என்றாள் மனைவி.

"எனக்கு ஏது தம்பி? பஞ்சர் கடைக்காரன்."

ஆறு வருஷமாகப் பேச்சில்லை. தம்பி கடையில் மாட்டிய குடும்பப் படத்தில், சட்டத்துக்குள் அடங்காமல் அண்ணனின் பாதி முகம் வெட்டுப்பட்டுப் போனது. அவ்வளவுதான் தகராறு.

கடையில் தம்பி டயர் முன்னால் குந்தினான்.

"அண்ணி, வண்டிக்காரர்கிட்ட சொல்லுங்க. காத்து இருபதுதான் இருக்கு."

"டயர்கிட்ட சொல்லு," என்றார் அவர் மனைவியிடம். "முப்பத்திமூணு வேணும்னு."

"ஏ டயரே, உனக்கு ஆணியும் இல்ல, ஓட்டையும் இல்ல. காத்து எங்கதான் போகுது?"

"டயரே, அதைக் காத்து அடிச்சவனையே கேளு."

முக்கால் மணி நேரம் இருவரும் டயரோடு பேசினார்கள். தம்பி மகளின் பரீட்சை, அண்ணனின் மூட்டுவலி, எல்லாவற்றையும் டயர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "இன்னொரு தடவை எரிஞ்சா காரையே வித்துடுவேன்."

அவளுக்குப் பகீரென்றது. ஞாயிறுதோறும் அவர் குளிக்கப் போனதும், தீக்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கியவள் அவள்தான். வாரத்துக்கு முக்கால் மணி நேரமாவது அண்ணன் தம்பியாக இருந்தார்கள். காரே போய்விட்டால்?

அடுத்த ஞாயிறு அவள் டயர் பக்கமே போகவில்லை. இனி அந்தக் கடை வாசலை மிதிக்க ஏது சாக்கு என்று நினைத்தபடி காரில் ஏறினாள்.

விளக்கு எரிந்தது.

"பாத்தியா! விடு வண்டியைக் கடைக்கு," என்று தனக்கே உத்தரவு போட்டுக்கொண்டார் அவர்.

"வித்துடுவேன்னீங்களே?"

"காத்தில்லாத காரை எவன் வாங்குவான்?"

"போற வழியில பெட்ரோல் பங்க் இருக்கே. அங்கேயே அடிச்சுக்கலாமே?"

"அங்க மீட்டர் சரியில்ல."

முகம் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே வந்து அவள் மடியில் விழுந்தன, வால்வின் கறுப்பு மூடியும் முனை நசுங்கிய ஒரு தீக்குச்சியும்.